மெர்சிங் கரையில் கிடந்த நீலப் பை

டீச்சர், நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, அது ஃபைசாலியா. ஆஸ்திரேலியாக்காரர்கள் புளூபாட்டில் என்பார்கள். அட்லாண்டிக் பக்கத்தில் இதன் பெரிய உறவுக்குப் போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்று பெயர். விடுமுறைக்குக் குளுவாங்கிலிருந்து மெர்சிங் ஆயர் பாப்பான் கடற்கரைக்குப் போனதையும், மகன் அதைப் பொறுக்கி மணல் வாளியில் போட்டதையும், ஒரு மணி நேரம் கழித்து "செத்துப்போச்சு" என்று நூலைப் பிடித்துத் தூக்கியபோது மணிக்கட்டில் கோடு கோடாகத் தடித்ததையும் எழுதியிருந்தீர்கள். கூடவே கேள்விகள். இது செடியா, பிராணியா? ஜெல்லிமீன்தானா? எங்கே வாழ்கிறது, தாய் குட்டி உண்டா, ஏன் மழைக்காலத்தில் மட்டும் வருகிறது? பொந்தியான் பக்கமும் வருமா? கொட்டினால் என்ன செய்வது? பள்ளி அறிவியல் மூலைக்கு ஒன்றைப் பாட்டிலில் போட்டு வைக்கலாமா? பையன் கை சம்பந்தப்பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மணலால் தேய்த்தீர்கள், கையில் இருந்த மினரல் வாட்டரை ஊற்றினீர்கள். அவசரத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இரண்டுமே வலியைக் கூட்டக்கூடியவை. அந்த நீல நூல் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் இன்னும் வெடிக்காத நச்சுக்கூடுகள் ஆயிரக்கணக்கில் மிச்சம் இருக்கும். தேய்த்தால் அழுத்தத்தில் வெடிக்கும். நல்ல தண்ணீர் பட்டால் உப்பின் அளவு சட்டென்று மாறுவதாலும் வெடிக்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். பிள்ளையைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவந்து உட்கார வையுங்கள். ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால், அது இல்லையென்றால் கையில் தடிமனாகப் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, சுரண்டாமல் மேலே தூக்கி எடுங்கள். கடல்நீரை ஊற்றி அலசுங்கள். பிறகு சுடுநீர். சுமார் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் 20 நிமிடம் கை மூழ்கியிருக்க வேண்டும். 2006இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஒரு சோதனையில், புளூபாட்டில் கொட்டியவர்களைச் சுடுநீருக்கும் ஐஸ் பொட்டலத்துக்கும் பிரித்துப் பார்த்தார்கள். 20 நிமிடத்தில் வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் சுடுநீர்த் தரப்பில் 87 சதவீதம், ஐஸ் தரப்பில் 33 சதவீதம். கடற்கரைக்கு எப்படியும் காப்பிக்கு ஃபிளாஸ்க்கில் சுடுநீர் கொண்டுபோகிறோம். அதைக் குளிர்ந்த நீரோடு கலந்து, பெரியவர் ஒருவர் தன் கையை விட்டுப் பார்த்துச் சூட்டை உறுதிசெய்த பிறகுதான் பிள்ளையின் கையை வைக்க வேண்டும். வலியில் இருக்கும் குழந்தைக்குச் சூடு அளவு தெரியாது, வெந்துபோகும்.

வினிகர் ஊற்றலாமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. ஆஸ்திரேலிய முதலுதவி வழிகாட்டி புளூபாட்டிலுக்கு வினிகர் வேண்டாம் என்கிறது. ஹவாயில் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, வினிகரும் சுடுநீரும் சேர்ந்தால் நல்லது என்கிறது. நான் உங்களுக்குச் சொல்வது இதுதான்: நீலப் பையைக் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் சுடுநீரையே நம்புங்கள். தண்ணீருக்குள் எது கொட்டியது என்றே தெரியவில்லை என்றால் வினிகரைத் தாராளமாக ஊற்றுங்கள், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காரணம், நம் நாட்டுக் கடலில் பெட்டி ஜெல்லிமீன்களும் இருக்கின்றன. அவற்றில் சில வகைகள் சில நிமிடங்களில் இதயத்தை நிறுத்தக்கூடியவை, அவற்றுக்கு வினிகர் அவசியம். சிறுநீர், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் வேண்டாம். மூச்சுத் திணறல், முகம் உதடு வீக்கம், தலைசுற்றல், விடாத வாந்தி, நெஞ்சு இறுக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சுடுநீரோடு நேரத்தைக் கழிக்காமல் 999ஐ அழையுங்கள். உங்கள் மகனுக்குத் தடிப்பு மட்டும்தான், மறுநாளே நிறம் மங்கத் தொடங்கியது என்கிறீர்கள். அது இயல்பான போக்கு. சிலருக்கு அந்தக் கோடுகள் சில வாரம் தங்கும். அரிப்பு கூடினாலோ சீழ் வைத்தாலோ கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

செத்தது எப்படிக் கொட்டும் என்று பையன் கேட்டான் அல்லவா? அவன் கேட்டது நல்ல கேள்வி. நம் கையை நெருப்பு சுட்டால் நரம்பு வழியாகச் செய்தி போய், பிறகு தசை அசைகிறது. ஃபைசாலியாவின் நச்சுக்கூட்டுக்கு அந்த உத்தரவு தேவையில்லை. ஒவ்வொரு கொட்டும் செல்லுக்குள்ளும் ஒரு கூடு, கூட்டுக்குள் சுருட்டி வைத்த வெற்றுக்குழல், குழலைச் சுற்றி நச்சு. தொடுகையும், தோலில் இருக்கும் வேதிப்பொருள்களும் சேர்ந்து பட்டால் மூடி திறந்து குழல் பாய்கிறது. இதே வகைக் கூடு நன்னீரில் வாழும் ஹைட்ராவிடமும் உண்டு. அதில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கூட்டுக்குள் சுமார் 150 வளிமண்டல அழுத்தம், முள் பாய்வதற்கு எடுக்கும் நேரம் 700 நானோ வினாடி, அதாவது ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. இந்த அழுத்தம் பிராணி உயிரோடு இருக்கும்போதே கூட்டுக்குள் ஏற்றப்பட்டுவிடுகிறது. உயிர் போனாலும் அது உள்ளேயே அடைபட்டிருக்கிறது. மணலில் காய்ந்து கிடக்கும் இழைகூடப் பல நாள் கழித்து ஈரம் பட்டால் கொட்டலாம். வாளியில் ஒரு மணி நேரம் கிடந்தது ஒன்றுமே இல்லை.

இனி அது என்ன என்பதற்கு வருகிறேன். பிராணிதான். ஜெல்லிமீன்களுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் உண்மையான ஜெல்லிமீன் இல்லை. ஹைட்ராவும் இதுவும் ஒரே வகுப்பு. அதற்குள் சைஃபனோஃபோர் என்ற வரிசையைச் சேர்ந்தது. இந்த வரிசையின் விசேஷம், ஒரு உடல் என்று நாம் பார்ப்பது பல உடல்களின் கூட்டம் என்பதே. ஒரே கருவிலிருந்து ஒரு சின்ன உயிர் உருவாகிறது. அது மொட்டு விடுகிறது, மொட்டு மறுபடி மொட்டு விடுகிறது. சாதாரணமாக மொட்டு விடும் பிராணிகளில் குட்டி பிரிந்து தனி வாழ்க்கை நடத்தும். இங்கே எதுவும் பிரிவதில்லை. எல்லாம் ஒட்டிக்கொண்டே ஆளுக்கு ஒரு வேலையாக மாறிக்கொள்கின்றன.

உங்கள் படத்தில் இருப்பவற்றை எண்ணிச் சொல்கிறேன். மேலே பளபளக்கும் பை, காற்று நிரம்பிய மிதவை. அதன் உச்சியில் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட மடிப்பு, பாய். கீழே நீலக் கொத்தாகத் தொங்குபவை தனித்தனி உயிர்கள்: சிலதற்கு வாய் மட்டும் உண்டு, இரையைச் செரிப்பதே வேலை. சிலது நீண்ட இழையைத் தாங்கி இரை பிடிப்பவை. சிலது இனப்பெருக்கக் கிளைகள். வாய் உள்ளதற்கு வேட்டை தெரியாது, வேட்டையாடுவதற்கு வாய் கிடையாது. ஆளுக்கொரு வேலை என்பது நம் தோட்டங்களில் பால்வெட்டு, களையெடுப்பு, ஆலை என்று பிரித்திருந்த மாதிரிதான், ஆனால் தோட்டத்து ஆள் வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பித் தன் சோற்றைத் தானே சாப்பிடுவார். இங்கே ஒருவர் தின்றது எல்லாருக்கும் போய்ச் சேர்கிறது, உடலுக்குள் ஓடும் பொதுக் குழிவு வழியாக. தலைவன் இல்லை, மூளை இல்லை. ஒவ்வொன்றையும் தனி உயிர் என்று சொன்னாலும் சரி, ஒரே உயிரின் உறுப்புகள் என்று சொன்னாலும் சரி. வளர்ந்த வழியைப் பார்த்தால் முன்னது, வாழும் வழியைப் பார்த்தால் பின்னது.

உங்கள் பள்ளியில் பூதக்கண்ணாடி இருந்தால், படத்தையாவது பெரிதாக்கி, அந்த நீண்ட இழையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தூரத்தில் வெறும் நீல நூலாகத் தெரிவது, கிட்டத்தில் நெருக்கமாகக் கோத்த மணிகளின் வரிசை. ஒவ்வொரு மணியும் சிறுநீரக வடிவில் ஒரு பக்கம் குவிந்திருக்கும். நச்சுக்கூடுகள் குவிந்து கிடக்கும் இடம் அந்த மணிதான். மணிக்கு மணி நடுவே தசை. அந்தத் தசை சுருங்கினால் இழை பல மடங்கு குறுகி மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தளர்ந்தால் மீட்டர் கணக்கில் நீளும். பையனின் கையில் விட்டு விட்டுப் புள்ளியாக விழுந்த தடிப்பு இந்த மணிகளின் அச்சு. மருத்துவர்கள் இந்த வரிசைப் புள்ளிகளை வைத்தே பல சமயம் கொட்டியது எது என்று ஊகித்துவிடுவார்கள்.

அளவைப் பற்றி: அட்லாண்டிக்கின் பெரிய இனத்தில் மிதவை 30 சென்டிமீட்டர் வரை போகும், இழைகள் பல, 10 மீட்டர் சாதாரணம், 30 மீட்டர் வரையும் சொல்லப்படுகிறது. நம் பக்கம் கரையேறுபவை சின்னவை. மிதவை பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும். முக்கிய இழை ஒன்றுதான் நீண்டு தொங்கும். உலகம் முழுக்க ஒரே இனம்தான் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1758இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் பெயரிட்டதிலிருந்து அவ்வப்போது புதுப் பெயர்கள் வைப்பதும், பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்குவதுமாகப் போனது. 2025இல் வெளியான மரபணு ஆய்வு, உலகின் பல கடல்களிலிருந்து எடுத்த 151 மாதிரிகளை ஒப்பிட்டு, குறைந்தது நான்கு இனங்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன என்று காட்டியது: ஃபைசாலிஸ், யுட்ரிகுலஸ், மெகாலிஸ்டா, மினுட்டா. ஒரே கடலில் கலந்து மிதந்தும் இவை ஒன்றோடொன்று இனம் கலப்பதில்லை என்பதுதான் அதில் என்னை அசர வைத்தது. திறந்த கடலில் வேலி கிடையாது, காற்று எல்லாவற்றையும் கலக்குகிறது, எனவே எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தது தவறாகிவிட்டது.

இது வாழும் இடம் எது என்று கேட்டீர்கள். கடல் என்று சொன்னால் போதாது. கடலின் மேல்தோல் என்று சொல்ல வேண்டும். தண்ணீர் முடிந்து காற்று தொடங்கும் அந்தக் கோட்டில்தான் இதன் மொத்தப் பிழைப்பும். பாதி உடல் வெயிலில், பாதி உடல் நீரில். நிலத்தைவிட்டு வெகு தூரம், அடியில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம், ஒட்டிக்கொள்ள ஒரு கல் இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு பாசி இல்லை. அப்படி ஓர் இடத்தில் பிழைக்க என்ன வேண்டுமோ அது ஒவ்வொன்றும் அந்த உடலில் இருக்கிறது.

முதலில் மிதப்பது. மிதவையை நிரப்பும் வாயுவில் பெரும்பகுதி நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்து ஊடுருவிய நைட்ரஜனும் ஆக்சிஜனும். ஆனால் தொடக்கத்தில் ஊதுவதற்கு மிதவையின் அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. அது செய்வது கார்பன் மோனாக்சைடு. ஆம், மூடிய அறையில் கார் இன்ஜின் ஓடினால் ஆளைக் கொல்லும் அதே வாயு. செரின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதைத் தயாரிக்கிறது. மிதவையில் அதன் பங்கு சில சமயம் பத்து சதவீதத்தையும் தாண்டும். இவ்வளவு நச்சு வாயுவைச் சொந்த உடலுக்குள் வைத்துக்கொண்டு வாழும் பிராணிகள் மிகச் சில.

அடுத்தது காய்ந்துபோகாமல் இருப்பது. நிலநடுக்கோட்டு வெயிலில் நாள் முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோல் அது. அதனால் தசையை இறுக்கி அவ்வப்போது மிதவையை ஒரு பக்கம் சாய்த்து நீரில் தோய்த்து, மறுபடி நிமிர்த்துகிறது. அமைதியான கடலில் ஒரு கூட்டம் மாறி மாறி இப்படிக் கவிழ்ந்து எழுவதைப் படகிலிருந்தே பார்க்கலாம்.

பிறகு நகர்வது. இதற்கு நீந்தத் தெரியாது. உச்சியில் இருக்கும் பாயைத் தசையால் விறைப்பாக்கிக் காற்றைப் பிடிக்கிறது. தொங்கும் கொத்தும் இழையும் நீருக்குள் இழுவையாக இருப்பதால் காற்று அடிக்கும் திசைக்கு நேராகப் போகாமல் சுமார் 45 டிகிரி விலகிப் போகிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: எல்லாமே ஒரு பக்கம் விலகுவதில்லை. பிறவியிலேயே சிலவற்றுக்குக் கொத்து மிதவையின் இடப்பக்கம், சிலவற்றுக்கு வலப்பக்கம். பாய் அதற்கேற்ப எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். ஒரே காற்றில் ஒரு வகை இடப்புறம் ஒதுங்கும், மறு வகை வலப்புறம் ஒதுங்கும். ஒரு புயல்காற்று ஒரு கூட்டத்தைக் கரைக்குத் தள்ளினாலும் எல்லாமே ஒரே கரையில் போய் மாட்டாமல் பாதியாவது கடலில் தங்கிவிடும் என்பதுதான் இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரு கரையில் ஒரு பக்கத்தவையே அதிகமாக ஒதுங்கிக் கிடப்பதைப் பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள்.

கடைசியாக, சாப்பாடு. காற்று இழுத்துக்கொண்டு போக, இழை பின்னால் நீளமாகத் தொங்கி நீரை அலசிக்கொண்டே வருகிறது. மெக்ஸிகோ வளைகுடாவில் பிடித்தவற்றின் இரையை ஆராய்ந்தபோது பத்தில் ஒன்பதுக்கு மேல் மீன் குஞ்சுகள். அவை மென்மையான தோல் உள்ளவை, நச்சுக்குழல் சுலபமாக ஏறும். இரை மாட்டியதும் இழை சுருங்கி அதை மேலே தூக்குகிறது. வாய் உள்ள உயிர்கள் நெளிந்து தேடி வந்து அதன்மேல் உதட்டைப் பரப்புகின்றன. ஒன்று, இரண்டு, பத்து, ஐம்பது என்று ஒட்டி, மீன் முழுக்க மூடப்பட்டுவிடும். செரிமான நீர் சுரந்து மீனை வெளியிலேயே கரைத்து உறிஞ்சிவிடும். மீன் குஞ்சு மலிந்த இடத்தில் ஒரு ஃபைசாலியா ஒரு நாளைக்கு நூறுக்கு மேல் தின்னும். ஆகவே நாம் கரையில் பார்த்து "பாவம், மிதக்கிறது" என்று நினைக்கும் இந்தப் பிராணி திறந்த கடலின் பெரிய வேட்டைக்காரர்களில் ஒன்று.

இந்த மேல்தோலில் இது தனியாக இல்லை. இதைச் சுற்றி ஒரு சின்ன நீல உலகமே மிதக்கிறது, எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடிக்கும். நோமியஸ் என்ற சிறு மீன் இந்த நச்சு இழைகளுக்கு நடுவே குடியிருக்கிறது. நச்சை ஓரளவு தாங்கும், ஆனால் முக்கியமாகப் படாமல் நெளிந்து தப்பத் தெரிந்தது. பெரிய மீன் துரத்தினால் இழைக்குள் பதுங்கும், பசித்தால் இழையையே கொஞ்சம் கடிக்கும். கிளாக்கஸ் என்று ஒரு ஓடில்லாத நத்தை, மூன்று சென்டிமீட்டர்தான், நீலச் சிறகுபோல் விரிந்த கைகள். காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு மல்லாந்து மிதக்கும். அதனால் மேலே தெரிவது அதன் வயிற்றுப் பக்கம். அந்தப் பக்கம் நீலம், கீழே இருக்கும் முதுகு வெள்ளி நிறம். மேலிருந்து பார்க்கும் பறவைக்குக் கடலின் நீலமும், கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் வெளிச்சமும். அது ஃபைசாலியாவைத் தின்று, வெடிக்காத நச்சுக்கூடுகளைப் பத்திரமாகத் தன் கைநுனிகளுக்குக் கடத்தி, தன் ஆயுதமாக வைத்துக்கொள்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் இந்தக் கிளாக்கஸ் ஒதுங்கிய செய்தி வந்தது. அங்கே உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், புளூபாட்டிலையும் அவர்கள் அறிந்திருப்பார்கள். ஜாந்தினா என்ற ஊதா நத்தை, சளியால் காற்றுக் குமிழிகளைச் சுற்றிக் கட்டி, அந்தத் தெப்பத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கடல் கடக்கிறது. அதன் ஓடு கரையில் கிடைத்தால் எடுத்துவைத்துக்கொள்ளலாம், கொட்டாது. பெருந்தலை ஆமையும் ஃபைசாலியாவைத் தின்னும். போர்வை ஆக்டோபஸ் இன்னும் ஒரு படி மேலே: அதன் சின்ன ஆண்களும் இளம் பெண்களும் ஃபைசாலியாவின் இழைத் துண்டுகளைப் பிய்த்துக் கையில் பிடித்துக்கொண்டு திரிகின்றன. 1963இல்தான் இது முதன்முதலில் அறிவியல் இதழில் பதிவானது.

தாய், குட்டி உண்டா என்றும் கேட்டீர்கள். ஒரு கூட்டம் முழுக்க ஆண், அல்லது முழுக்கப் பெண். இனப்பெருக்கக் கிளைகள் முதிர்ந்ததும் கழன்று விழுகின்றன. விந்தும் முட்டையும் சேர்வது நீருக்குள்ளே, தாயின் உடலுக்கு வெளியே. கருவுற்ற முட்டை லார்வாவாகி, ஆழத்தில் எங்கோ வளர்ந்து, பிறகு மேலே வருவதாகக் கருதுகிறார்கள். அந்த முதல் கட்டத்தை இயற்கையில் எவரும் நேரில் பார்த்ததில்லை. கிடைத்தவற்றில் மிகச் சிறியவை சில மில்லிமீட்டர் அளவு: ஒரு குட்டி மிதவை, ஒரு வாய், ஒரு இழை. அவ்வளவுதான். அந்த ஒரு வாயும் ஒரு இழையும்தான் மொட்டு விட்டு மொட்டு விட்டு நீங்கள் பார்த்த கொத்தாக ஆகின்றன.

மருத்துவத்துக்கும் இந்தப் பிராணிக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் சொல்லத் தக்கது. 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் ஆய்வுக் கப்பலில் ஷார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அட்லாண்டிக் போனார்கள். ஃபைசாலியாவின் நச்சை எடுத்து ஆராய்வது அவர்களுக்குக் கொடுத்த வேலை. பாரீஸ் திரும்பியபின் ஃபைசாலியா கிடைக்காததால் கடல் சாமந்தி என்ற, இதற்குச் சொந்தமான இன்னொரு கொட்டும் பிராணியின் நச்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். நச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் உடல் பழகிக்கொள்ளும் என்பதுதான் எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. முதல் தடவை தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்ததும் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி விழுந்து செத்தது. அனாஃபிலாக்சிஸ் என்று இன்று நாம் அழைக்கும் கடும் ஒவ்வாமை அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒரு முறை கொட்டியவருக்கு அடுத்த முறை லேசாகத்தான் இருக்கும் என்று நம்பக் கூடாது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் மகனுக்கு இறாலோ குளவியோ ஒத்துக்கொள்ளாது என்று முன்பே தெரிந்திருந்தால் அடுத்த கடற்பயணத்துக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏன் மழைக்காலத்தில் மட்டும்? நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென் சீனக் கடலின் மேல் வாரக்கணக்கில் ஒரே திசையில் வீசுகிறது. அந்தத் திசைக்கு எதிரே நிற்பது கிளந்தான், திரங்கானு, பகாங், நம் ஜொகூரின் மெர்சிங் கரை. மெர்சிங்குக்கு எதிரே இருக்கும் கடல் ஆழம் குறைந்த சுந்தா திட்டின் மேல் கிடக்கிறது, நூறு மீட்டர்கூட இல்லை. ஃபைசாலியாவின் வீடு அதற்கும் அப்பால், வடகிழக்கே இருக்கும் ஆழமான நீலக் கடல். காற்று வலுத்து விடாமல் வீசும்போது 45 டிகிரி விலகும் வித்தையும் பலிப்பதில்லை. கரை வந்துவிடுகிறது. ஆகவே உங்கள் மகன் பொறுக்கியது அங்கே வாழ்ந்த ஒன்றல்ல, தரைதட்டிய ஒன்று. கரையேறிவிட்டால் திரும்பிப் போக அதற்கு வழி கிடையாது. கிழக்குக் கரையில் ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் அன்று தண்ணீரில் இன்னும் பல இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை இறக்காதீர்கள். அந்தப் பருவத்தில் அலையும் ஆபத்தானது, எப்படியும் குளிக்கத் தக்க கடல் இல்லை.

பொந்தியான், பத்து பகாட் பக்கம் மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் தீபகற்பம், மறுபக்கம் சுமத்ரா, நடுவே கலங்கிய ஆழமற்ற நீர், காற்றைவிட நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கமே அதிகம் ஆளும் கடல். இது ஃபைசாலியாவுக்கு ஏற்ற இடம் இல்லை, அங்கே அரிது. ஆனால் மேற்குக் கரையில் வேறு ஜெல்லிமீன்கள் நிறைய உண்டு, பினாங்கு, லங்காவி நீரில் பெட்டி ஜெல்லிமீன்கள் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டவை. அங்கே போகும்போது வினிகர் பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

அறிவியல் மூலைக்கு வைப்பதைப் பற்றி: நான் வேண்டாம் என்பேன். ஆல்கஹாலில் போட்டால் நீலம் வெளிறி, மிதவை சுருங்கி, உருவம் தெரியாத ஒரு துண்டாகிவிடும். பாட்டிலைத் திறந்து யாராவது விரலை விட்டால் நச்சுக்கூடுகள் செயலற்றுவிட்டன என்று உறுதி சொல்ல முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் கையுறையோடு செய்ய வேண்டிய வேலை அது. அதைவிட நல்லது ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை பார்த்தால் குச்சியால்கூடப் புரட்டாமல், பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்து மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தேதி, காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, கரையில் சுமார் ஐம்பது காலடி நடக்கும் தூரத்துக்குள் எத்தனை கிடக்கின்றன என்று எழுதிக்கொள்ளட்டும். மிதவையின் ஒரு முனை கொத்து இல்லாமல் வெறுமையாக நீண்டிருக்கும். எல்லாப் படங்களையும் அந்த முனை மேலே வரும்படி திருப்பி அடுக்கினால், எத்தனைக்குக் கொத்து இடப்பக்கம், எத்தனைக்கு வலப்பக்கம் என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள். எண்ணியதை எனக்கும் அனுப்புங்கள். அன்று ஒதுங்கியவை இடத்தவையா வலத்தவையா என்பதைக் காற்றின் திசையோடு வைத்துப் பார்க்கலாம்.